தண்ணீர்ப் பாடமும் கம்பம் பள்ளத்தாக்கும்

நீரின் வெப்பப் பண்புகளை நம் மாணவர்கள் தவறாமல் படிக்கிறார்கள். நீரின் தன்வெப்பம் மிகுதி. ஆகவே கடற்கரை ஊர்களில் வெயிலும் குளிரும் மிதமாக உள்ளன. 4 டிகிரி செல்சியஸில் நீரின் அடர்த்தி மிகுதி. ஆகவே குளிர்நாட்டு ஏரிகளின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் பிழைத்திருக்கின்றன. இரண்டும் உண்மையே. ஆனால் நாம் கேட்டுப் பழகிய விளக்கம் பெரும்பாலும் இவற்றோடு நின்றுவிடுகிறது. அதுதான் குறை.

கம்பத்திலோ சின்னமனூரிலோ படிக்கும் ஒரு மாணவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஊரில் கடல் இல்லை. ஏரி உறைவதும் இல்லை. ஆனால் ஆடி மாதப் பகலில் காய்ந்த கரட்டு நிலத்தைக் கடந்து முல்லைப் பெரியாற்றுப் பாசன வயலோரம் வந்தால் உடல் குளிர்வதை அவர் அறிவார். காரணம் கேட்டால், "நீரின் தன்வெப்பம் அதிகம்" என்று மனப்பாட விடையைச் சொல்வார். அந்த விடை இங்கே போதாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிராம் நீரை 1 டிகிரி சூடாக்க 1 கலோரி போதும். அதே 1 கிராமை 30 டிகிரியில் ஆவியாக்க ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். இதுவே உள்ளுறை வெப்பம். ஓர் ஏக்கர் நெல் வயலில், பயிரின் இலைகள் வழியாகவும் நீர்ப்பரப்பிலிருந்தும், நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொள்வோம். அது சுமார் 20,000 லிட்டர். அதற்குச் செலவாகும் வெப்பம் ஏறத்தாழ 13,500 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அவ்வளவு நீரும் ஆவியாகாமல் 5 டிகிரி சூடேறினால் ஏற்கும் வெப்பமோ 116 யூனிட் அளவே!

இவ்வெப்பம் அழிவதில்லை. அரபிக்கடலில் ஆவியான நீர், தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையாகும்போது, தான் ஏற்ற வெப்பத்தை வெளிவிடுகிறது. மழையை மலையில் இறக்கிவிட்ட காற்று, கம்பம் பள்ளத்தாக்கினுள் வறண்டு வீசுகிறது. மழைநீரோ, பென்னிக்குயிக் தலைமையில் கட்டப்பட்டு 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே அதே பள்ளத்தாக்கிற்கு வந்து சேருகிறது. வறண்ட காற்று ஈர வயலின் மேல் வீசுவதால் ஆவியாதல் விரைவாக நடக்கிறது. கடல், மலை, வயல் மூன்றையும் இணைக்கும் இந்தப் பாடத்தை விட்டுவிட்டு உறையும் ஏரியை மட்டும் சொல்லலாமா?

பள்ளத்தாக்கின் தட்பவெப்பம் முழுவதற்கும் நீரே காரணம் என்று கூறிவிடவும் கூடாது. மலைகளின் உயரத்துக்கும் காற்றின் போக்குக்கும் அதில் பங்கு உண்டு. ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துக்கொள்ளும் பழக்கத்தைத்தான் நாம் கைவிட வேண்டும்.

இது தேர்வுக்கு மட்டும் உரிய செய்தியன்று. இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் பாசனம் பெறுவதாகக் கணக்கு. அதில் ஓர் ஏக்கர் வீட்டு மனையானால் இழந்த நெல்லை எண்ணுகிறோம். இழந்த குளிர்ச்சியை எண்ணுவதில்லை. உள்ளுறை வெப்பத்தைப் பொருளுணர்ந்து படித்தவரே அதையும் எண்ணுவார்.

ஆசிரியர்கள் இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, மாணவர்களுடன் ஒரு பிற்பகல் கரட்டு நிலத்துக்கும் வயல் வரப்புக்கும் சென்று அளந்து பார்க்கட்டும். பாடம் அங்கே தொடங்கட்டும். உறையும் ஏரியைப் பிறகு படிக்கலாம்.