கஜினி கைவிட்ட ஊசி

ஏ.ஆர். முருகதாஸின் ‘கஜினி’ (2005) கிறிஸ்டோபர் நோலனின் ‘மெமென்டோ’விலிருந்து (2000) எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று பேசிப் பேசி அலுத்துவிட்டது. பச்சை குத்திய உடம்பு, உடனடிப் புகைப்படங்கள், நினைவு தங்காத நாயகன். எடுக்காமல் விட்டது ஓர் இன்சுலின் ஊசி. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

‘மெமென்டோ’வில் சாம்மி ஜான்கிஸ் மறதிக்காரன். உண்மையிலேயே மறக்கிறானா என்று மனைவிக்குச் சந்தேகம். அவளுக்கு இனிப்புநீர். ஊசி போட்டுவிடுவது அவன்தான். ஊசி நேரம் ஆச்சு என்கிறாள், போடுகிறான். கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பிவிட்டு மறுபடியும் சொல்கிறாள். மறுபடியும் அதே அக்கறையோடு போடுகிறான். அவள் மயக்கத்திலிருந்து எழவே இல்லை.

‘கஜினி’யில் மறதி பழிவாங்கலுக்குத் தடை, அவ்வளவுதான். ‘மெமென்டோ’வில் அது பராமரிப்புக்குள்ளேயே புகுந்து கொல்கிறது. (அந்த மனைவி உண்மையில் யாருடைய மனைவி என்ற புதிருக்குள் நான் போகவில்லை. நோலனுக்கே அவளைவிடப் புதிர்தான் பெரிசு.)

2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடம் இன்னும் அதிகம். பிரிக்பீல்ட்ஸ் கடையில் ‘தே ஓ கோசோங்’ கேட்கும் குரல்களை எண்ணினாலே தெரியும்.

கிள்ளானில் என் பாட்டி காலை மாத்திரையைப் போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டுக்கொண்டார். சர்க்கரையை இறக்கும் வகை மாத்திரை அது. வியர்த்துக் கொட்டியது. என்னைப் பார்த்து, செத்துப்போன மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சீனித் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் நான் பேரனானேன்.

2009இல் அமெரிக்காவில் 16,667 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வில், கடுமையான சர்க்கரைத் தாழ்வு வந்த முதியவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது லேசில்லை. மறந்தால் மருந்து இரட்டிக்கும், இரட்டித்தால் சர்க்கரை விழும், விழுந்தால் மூளை அடிவாங்கும். சர்க்கரை ஏறிக் கிடந்தாலும் மூளைக்குக் கேடுதான், அதனால் மருந்தை நிறுத்தவும் முடியாது. மெட்ஃபார்மின் கதை வேறு. வருசக்கணக்கில் எடுத்தால் பி12 குறையலாம், அதனாலும் நினைவு மங்கும். ஆனால் அது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும்.

கதாநாயகன் பதினைந்து நிமிசத்துக்கு ஒருமுறை மறப்பதைக் கைதட்டிப் பார்த்தோம். ஊசியைப் பிடித்த அந்தக் கையைத் தமிழில் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது பாட்டிக்குக் கிழமை போட்ட மாத்திரை டப்பா. நேற்று செவ்வாய்க் கட்டம் காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “இன்னிக்குப் புதன்தானேய்யா?”