துக்கிய்யீம் – தோகை: சொல்லாய்வு மதிப்பீடு

துக்கிய்யீம் என்பது யூதர்களின் எபிரேய மறைநூலில் இரண்டே இடங்களில் (1 அரசர்கள் 10:22, 2 குறிப்பேடு 9:21) வரும் அரிய சொல் ஆகும். இரண்டும் ஒரே செய்தியையே கூறுகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சாலமோன் மன்னரின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்குகள், துக்கிய்யீம் ஆகியவற்றைக் கொண்டுவந்தன என்பதே அது. 'ஈம்' பன்மை விகுதி, ஒருமை 'துக்கி'. இது தமிழ்த் 'தோகை'யே, பொருள் மயில் என்ற கருத்தை இராபர்ட் கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூல் பரப்பியது. இன்று மேடைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் இது முடிந்த முடிபாகவே கூறப்படுகிறது. சான்றுகள் அந்த அளவு உறுதியானவை அல்ல.

பழைய மொழிபெயர்ப்புகள்

யூதர்கள் தம் மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்க்கும் பணி கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கியது. 'எழுபதின்மர் மொழிபெயர்ப்பு' எனப்படும் அதில் மயில் இருக்க வேண்டிய இடம் வேறாக உள்ளது. அரசர்கள் நூலின் பழைய கிரேக்கப் பாடத்தில் தந்தம், குரங்கு, துக்கிய்யீம் மூன்றுக்கும் பதிலாகச் செதுக்கிய, வெட்டிய கற்கள் வருகின்றன. குறிப்பேட்டில் பட்டியல் குரங்கோடு நின்றுவிடுகிறது. பெயர்த்தவர்களுக்குச் சொல் விளங்கவில்லை என்றோ, அவர்கள் கையிலிருந்த எபிரேய ஏடே வேறு என்றோ கொள்ளலாம். எனினும் மயில் என்ற பொருள் கால்டுவெல் புதிதாகக் கண்டதன்று. கி.பி. 400ஐ ஒட்டி ஜெரோம் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பிலேயே அது உண்டு. மாறாக, வில்லியம் ஆல்பிரைட் இதை எகிப்தியச் சொல்லாகக் கொண்டு ஒருவகைக் குரங்கு என்றார். இக்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில அதையே ஏற்றுள்ளன.

தோகையின் பொருள்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இச்சொல்லின் அடிப்படைப் பொருளை எளிதில் அறியலாம். தெலுங்கில் 'தோக' என்றால் எந்த விலங்கின் வாலும் ஆகும். கன்னடத்தின் 'தோகெ'யும் வாலையே குறிக்கும். மயிலைக் குறிப்பது சினையாகுபெயர். குறுந்தொகை 26ஆம் பாடலில் தோகை மயிலையே குறிக்கிறது. ஆனால் சங்கப் பாடல்கள் சாலமோனுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. அவர் காலத்து வணிகரிடமும் இந்த ஆகுபெயர் வழங்கியது என்பதற்கு எழுத்துச் சான்று கிடைக்கவில்லை.

மதிப்பீடு

ஒலி ஒப்புமையும், தென்னிந்தியாவின் பழைய கடல் வணிகமும், மயில் இந்தியப் பறவை என்பதும் கால்டுவெல் கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன. ஆயினும் அது ஏற்கத்தக்க ஊகமே. மெய்ப்பிக்கப்பட்ட செய்தி அன்று. மாணவர்கள் இதைக் 'கால்டுவெல் கருத்துப்படி' என எழுதி, மாற்றுக் கருத்தையும் சேர்ப்பதே முறை. தமிழின் தொன்மைக்குச் சங்க நூல்களும் தமிழிக் கல்வெட்டுகளும் நேரடிச் சான்றுகளாக உள்ளன. ஐயத்திற்குரிய ஒரு சொல்லை உறுதியாகக் கூறினால், அது தவறு எனத் தெரியவரும் நாளில் அந்த நல்ல சான்றுகளையும் பிறர் ஐயுறுவர்.