வெறுங்காலும் பூட்ஸும்: இந்தியக் கால்பந்து அணி, 1948–1962

1948 ஜூலை 31 அன்று, லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில், இந்திய அணி தன் முதல் ஒலிம்பிக் ஆட்டத்தில் பிரான்சைச் சந்தித்தது. களமிறங்கிய பதினொரு பேரில் எட்டுப் பேர் பூட்ஸ் அணியவில்லை. 70ஆம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் ஆட்டம் சமநிலைக்கு வந்தது. ஆனால் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. கடைசி நேர கோலால் பிரான்ஸ் 2-1 என வென்றது. தோற்றபோதும் வெறுங்கால் ஆட்டம் பேசப்பட்டது.

அந்தப் புகழில் நியாயம் உண்டு. 1911இல் கல்கத்தாவில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றிய மோகன் பகான் அணியிலும் ஒருவர் மட்டுமே பூட்ஸ் அணிந்திருந்தார். பாதம் நேரடியாகப் பந்தைத் தொடுவதால் அதைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு ஓடவும், சட்டெனத் திரும்பவும், குறும்பாஸ் கொடுக்கவும் எளிது. பூட்ஸ் வாங்க வழியில்லாதவரும் ஆடலாம். ஆனால் இவையெல்லாம் காய்ந்த தரையில்தான். மழையில் பாதம் வழுக்கும். நனைந்த தோல்பந்து கனத்துவிடும். பூட்ஸ் காலோடு மோதும்போது அடிபடும்.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், குளிரில், யூகோஸ்லாவியா 10-1 என இந்தியாவை நொறுக்கியது. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அகமது கான். பழி முழுவதையும் வெறுங்காலின் மேல் போடுவது சரியல்ல. அதே யூகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணி. என்றாலும் இந்தத் தோல்விக்குப் பின்னரே இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

1950 உலகக் கோப்பையிலிருந்து இந்தியா விலகியதற்கு ஃபிஃபாவின் வெறுங்கால் தடையே காரணம் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அன்றைய கேப்டன் சைலேன் மன்னா பிற்காலத்தில் அதை மறுத்தார். சம்மேளனத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது. உலகக் கோப்பை அல்ல. நிர்வாகத்தின் அசட்டையை மறைக்க இந்தக் கதை வசதியாயிற்று.

பூட்ஸ் வந்ததால் பழைய நுணுக்கம் அழிந்துவிடவில்லை. 1956 மெல்போர்னில் நெவில் டிசோசாவின் ஹாட்ரிக்கால் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, அணி நான்காம் இடம் பெற்றது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் உழைப்பு அதில் தெரிந்தது. 1951 டெல்லி ஆசிய விளையாட்டுத் தங்கம் வெறுங்கால் காலத்தின் சாதனைதான். ஆனால் அது சொந்த மண்ணில் கிடைத்தது. ரஹீமின் அணி 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்று, அதே தங்கத்தை அயல் மண்ணில், பூட்ஸ் அணிந்து வென்றது.