மரவள்ளிக்கு எவ்வளவு உழவு வேண்டும்?

ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளிச் சாகுபடி பெருகிப் பரவிய சேலம், நாமக்கல், தருமபுரிப் பிரதேசங்களில், நிலத்தைப் பலமுறை உழுது, மண்ணைப் பொடியாக்கி, பார் பிடித்துக் கரணை ஊன்றுவதே உத்தமமான முறை என்னும் அபிப்பிராயம் விவசாயிகளிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த அபிப்பிராயத்துக்குத் தக்க ஆதாரங்கள் உண்டு. ஆயினும் எல்லா நிலத்துக்கும் அதையே விதியாக்கிவிடுவது மண்ணின் ஸ்வபாவத்தை மறந்த செயலாகும்.

முதலில் அம்முறையின் அனுகூலங்களைப் பார்ப்போம். மரவள்ளியில் நமக்குப் பயன்படுவது பருத்த வேரே ஆதலால், அது பக்கங்களிலும் கீழ்நோக்கியும் தடையின்றிப் பருப்பதற்கு இளகிய, காற்றோட்டமுள்ள மண் அவசியம். இறுகிய மண்ணில் கிழங்கு குட்டையாகவும் கோணலாகவும் போவதோடு, பிடுங்கும்போது ஒடிந்து சேதமாகிறது. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுததால் அடியில் கெட்டிப்பட்ட படிவத்தை உளிக்கலப்பை உடைத்துவிட்டால், வேரும் நீரும் கீழே இறங்க வழி பிறக்கிறது. தேங்கிய நீரில் கிழங்கு அழுகிவிடும் இப்பயிருக்கு, உயர்ந்த பாரே தக்க பாதுகாப்பு. மழை மிகுந்த கேரளத்தில் மண்ணைக் குவித்துக் கூனை கட்டி ஊன்றும் வழக்கமும் இக்காரணம் பற்றியே எழுந்தது.

இனிப் பிரதிகூலங்களை ஆராய்வோம். கரணை ஊன்றிய முதல் மூன்று மாதங்களில் இலைப்பந்தல் மூடாமல் தரை திறந்தே கிடப்பதால், பொடியாக்கப்பட்ட மண்ணை ஒரு பெருமழை எளிதில் அரித்துச் செல்கிறது. கொல்லிமலை போன்ற சரிவான பூமியில், மேலிருந்து கீழாகப் பிடித்த பார்களின் இடைவெளிகள் மழைநீருக்கு வாய்க்கால்களாகி, மக்கு நிறைந்த மேல்மண்ணைக் கொண்டுபோய்விடுகின்றன. பத்து மாதம் கழித்துக் கிழங்கைப் பிடுங்கும்போது நிலம் மீண்டும் கிளறப்படுவதால், அறுவடையே இரண்டாவது உழவாகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலும், மெல்லிய வேர்கள் குறைந்த மரவள்ளி, மணிச்சத்தை உறிஞ்சுவதற்கு வேரோடு கூடி வாழும் பூசணங்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. அடிக்கடி உழுவது அப்பூசண இழைகளை அறுத்துவிடுகிறது.

உழவினால் தீராத குறைகளும் உண்டு. மரவள்ளி கிழங்கின் வழியாகச் சாம்பல் சத்தை மிகுதியாகக் கொண்டுபோகும் பயிர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 90 கிலோவும் சாம்பல் சத்து 240 கிலோவும் சிபாரிசு செய்வது இதனால்தான். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்புச் சத்துக் குறைந்து இளந்தழை வெளுக்கும்போது, எத்தனை சால் உழுதாலும் பிரயோஜனமில்லை. இரும்பு சல்பேட்டுக் கரைசல் தெளிப்பதே பரிகாரம்.

ஆகவே உழவையே கைவிடலாமா எனின், அதுவும் பொருந்தாது. ஆழமும் இளக்கமும் உள்ள மணற்பாங்கான செம்மண்ணில் குறைந்த உழவிலும் மகசூல் அதிகம் குன்றுவதில்லை. களி மிகுந்து இறுகிய நிலத்திலோ, உழவு குறைந்தால் கிழங்கும் குறைகிறது, களையும் பெருகிக் கூலிச் செலவை ஏற்றிவிடுகிறது.

இவற்றைச் சீர்தூக்கினால் முடிவு தெளிவாகிறது. இளகிய சமநிலத்துக்கு இரண்டு உழவும் தொழுவுரமும் போதும்; அடிமண் இறுகிய இடத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக்கலப்பை வேண்டும்; சரிவில், சரிவுக்குக் குறுக்கே பார் பிடித்து, இடையிடையே வெட்டிவேர் வரிசை நட்டு, தட்டைப்பயறோ உளுந்தோ ஊடுபயிராக விதைத்துத் தரையை மூட வேண்டும். வாடகை டிராக்டரை அழைப்பதற்கு முன், ஒவ்வொரு விவசாயியும் தன் வயலில் ஓரடி ஆழம் குழி தோண்டி, மண் எங்கே இறுகியிருக்கிறது என்று கண்ணாலும் கையாலும் பரிசோதித்து, அதன்படி உழவின் அளவை நிர்ணயிப்பானாயின், இவ்வாண்டுக் கிழங்கோடு வருங்கால விளைச்சலுக்குரிய மண்ணும் அவனுக்கு மிஞ்சும்.