பதினொன்றுக்கும் பதினான்குக்கும் நடுவே

சென்னைப் புத்தகக் காட்சியில் ‘சிறுவர் நூல்கள்’ என்ற பலகையின் கீழ் 6 வயதுக்கான படக்கதையும் 13 வயதுக்கான நாவலும் அடுத்தடுத்து நிற்கும். பின்னட்டையில் விலை இருக்கும். யாருக்கான புத்தகம் என்பது பெரும்பாலும் இருக்காது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன வாங்கலாம் என்று கேட்கும் பெற்றோர் தெனாலிராமன் கதைகளுடனோ, நேராகப் ‘பொன்னியின் செல்வ’னுடனோ வீடு திரும்புகிறார்கள். முன்னதைப் பிள்ளை தாண்டி வந்துவிட்டது. பின்னது பலருக்கு இன்னும் எட்டவில்லை. தமிழில் இந்த வயதுக்குப் புத்தகமே இல்லை என்ற புலம்பல் இங்கிருந்துதான் பிறக்கிறது. புத்தகங்கள் இருக்கின்றன, பெற்றோர் கைக்கு அவை வந்து சேரவில்லை என்பதே என் எண்ணம்.

முன்பு இந்தத் தேர்வைப் பத்திரிகைகள் பார்த்துக்கொண்டன. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’, ஆர்வியின் ‘கண்ணன்’, 1972இல் வந்த ‘கோகுலம்’, 1984இல் வாண்டுமாமா நடத்திய ‘பூந்தளிர்’ என்று இதழ் வீட்டுக்கு வரும். அவரவர் வயதுக்கேற்ற பக்கத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்வார்கள். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வளர்த்தெடுத்த வாசகர்கள் ஏராளம். அந்த இதழ்களில் பல நின்றுபோயின. ‘துளிர்’ அறிவியல் இதழ் 1987 முதல் வருவது ஆறுதல்.

வயது என்பதில் இரண்டு அளவுகள் கலந்துகிடக்கின்றன: மொழியைப் படிக்கும் திறன் ஒன்று, கதையின் கனத்தைத் தாங்கும் மனம் மற்றொன்று. தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரித்தது. அழகான ஏற்பாடு. பிரதம் புக்ஸும் நான்கு படிநிலைகளைக் குறிப்பிடுகிறது. இரண்டுமே முதல் அளவைத்தான் சொல்கின்றன. ஆங்கில வழியில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் 13 வயதுப் பெண்ணுக்கு எளிய வாக்கியம் வேண்டும். அதற்காக முயல், ஆமைக் கதையைக் கொடுத்தால் அவள் அவமானப்படுவாள்.

இரண்டாவது அளவுக்கு இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைப் பார்க்கலாம். சின்னஞ்சிறு நூல், ஒரே மூச்சில் முடிந்துவிடும், மொழியும் கடினமில்லை. ஆனால் ஓயாமல் கேள்வி கேட்கும் அந்த மாணவி, பிரம்படியின் வலி தெரியாமலிருக்க மருந்தைத் தன் உடம்பில் செலுத்திக்கொண்டு இறந்துபோகிறாள். பத்து வயதுப் பிள்ளையிடம் இதைத் தனியே கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. 13 வயதுப் பிள்ளையிடம் மறைக்கவும் கூடாது. பெற்றோரும் படித்துவிட்டு அன்றைக்கே பேச வேண்டும். 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ தவறான தொடுதலைப் பற்றியது. பேசும் பொம்மை கூடவே நின்று தைரியம் சொல்வதால், பயமுறுத்தாமல் விஷயத்துக்குள் அழைத்துப்போகிறது. தலைப்பை மட்டும் பார்த்தால் முதல் நூல் கடுமையானது என்றோ, இரண்டாவதைப் பெரியவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்றோ தோன்றாது.

சாகசம் தேடும் பிள்ளைக்கு ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ இருக்கிறது. ‘தினமணி’ சிறுவர்மணியில் தொடராக வந்த அது, இமயத்துப் பனிக்குள் பரிணாமத்தையும் பௌத்தத்தையும் பேசுகிறது. நன்றாகப் படிக்கும் 12 வயதுக்குச் சரியாக இருக்கும். கீழடியை மையமாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ இன்னும் எளிது. மொழிபெயர்ப்பில் க்ரியா 1981இல் வெளியிட்ட ‘குட்டி இளவரச’னும், நேஷனல் புக் டிரஸ்ட்டின் ‘டோட்டோ-சா’னும் தயங்காமல் கொடுக்கக்கூடியவை. வானம், புக்ஸ் ஃபார் சில்ரன், ஓங்கில் கூட்டம் ஆகிய பதிப்பகங்களின் பட்டியலைப் பெற்றோர் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

காதல், முதல் மாதவிடாய், சாதி, வீட்டுச் சண்டை, தேர்வுத் தோல்வி என இந்த வயதை உலுக்கும் விஷயங்களில் நம் சிறார் நாவல்கள் இன்னும் குறைவு. அந்த இடத்தைப் பிள்ளைகள் கைபேசியில் நிரப்பிக்கொள்கிறார்கள்.

வாங்கும் முன் முதல் பத்துப் பக்கத்தையும் கடைசி அத்தியாயத்தையும் கடையிலேயே படித்துவிடுங்கள். நாயகனின் வயது உங்கள் பிள்ளையின் வயதுக்குச் சமமாகவோ ஓரிரு ஆண்டு கூடவோ இருந்தால் நல்லது. தன்னைவிடச் சின்னவர் கதையை இந்த வயதில் யாரும் விரும்புவதில்லை. பிள்ளை பாதியில் மூடிவைத்தால் விட்டுவிடுங்கள். பதிப்பாளர்களிடம் கேட்பது, பின்னட்டையில் இரண்டே வரி: எந்த வயதுக்கு, எதைப் பற்றி.