மூளைப் படமும் உயிரியல்பும்

நீலகிரியிலே குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையம் 1907ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து ஆக்குதலாற் புகழ்பெற்றது. அந்நோயின் நச்சுயிரி நரம்பின்வழி ஏறி மூளையைப் பற்றும். பற்றியபின், நோயாளி நீர்வேட்கையால் வருந்தினும், நீர் பருகப் புகின் தொண்டை இசிந்து அஞ்சுவன். மூளை பழுதுறின் அறிவுஞ் செயலும் பிறழும் என்பதற்கு இஃதொன்றே சாலும். ஆயின், இதுகொண்டு மூளையே உயிரெனத் துணிதல் பொருந்துமோ என்பது ஆராயற்பாலது.

அங்ஙனந் துணிவார் இக்காலத்துக் காட்டுஞ் சான்று மூளைப் படமாம். மூளையின் ஒரு பகுதி தொழிற்படுங்கால் ஆண்டுக் குருதியின் ஆக்சிசன் நிலை மாறும். அம்மாறுதலைக் காந்தக் கருவி படமாக்கும். 2002இல் அமெரிக்க நாட்டு டார்ட்மத் கல்லூரியைச் சார்ந்த கெல்லி முதலியோர், ஒரு பண்பு தமக்கு உண்டோ என்றும், நாட்டுத் தலைவர்க்கு உண்டோ என்றும் பலரை எண்ணச் செய்தனர். தம்மை எண்ணுங்கால், நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் நடுப்பகுதி வேறுபட்டுத் தொழிற்படக் கண்டனர். ஆராய்ச்சி போற்றற்குரியதே, அதனால் 'யான் என்னும் பொருள் அகப்பட்டது' என்பார் கூற்றே பொருந்தாதது.

என்னை? 2007இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், சீனர் தம் தாயை எண்ணுங்காலும் அப்பகுதியே தொழிற்பட்டது. மேனாட்டார்பால் அங்ஙனம் நிகழ்ந்திலது. அப்பகுதியே உயிராயின் தாயும் மகனும் ஓருயிராதல் வேண்டும். ஆகலின், ஆண்டுப் புலப்படுவது 'யான்', 'எனது' எனப் பற்றும் அகங்காரத்தின் தொழிற்பாடு எனக் கொள்ளுதலே ஏற்புடைத்து. அகங்காரமோ அந்தக்கரணங்களுள் ஒன்று, மாயையின் காரியம், சடம். உயிர் அந்தக்கரணங்களின் வேறாய், அமைச்சரோடு கூடிய அரசன்போல அவற்றோடு கூடி நிற்குமென்பது சிவஞானபோத நான்காஞ் சூத்திரத்தின் கருத்து. அமைச்சர் மன்றத்தில் விளக்கெரிதல் கண்டு அரசன் இலன் என்பார் உளரோ?

இனி, இப்படங்களாற் சித்தாந்தம் மெய்ப்பிக்கப்பட்டது என மகிழும் சைவரும் உளர். அதுவும் பிழையே. படத்துட் படுவது அறியப்படும் பொருள். அறிவானாகிய உயிர் அன்று. கருவிக்கு எட்டாததனைக் கருவி மறுத்தலும் இல்லை, நாட்டுதலும் இல்லை. மெய்கண்டார் உயிருண்மையை நாட்டியது அளவை நூன்முறையால். அதனை விடுத்துப் படத்தை ஊன்றுகோலாகக் கொள்வார், நாளை அப்படம் மாறின் தம் கொள்கையும் தளர்வர்.