42 நிமிடக் கடல்: அடக்கி வாசித்து வென்ற சியாட்டில்

விறுவிறுப்பாக வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவைப் பாராட்ட பெரிய ரசனை தேவையில்லை. விரல் வேகம் கண்ணுக்கே தெரியும், முழக்கம் நெஞ்சில் மோதும், கைதட்டல் தானாக வரும். ஜான் லூதர் ஆடம்ஸின் 'பிகம் ஓஷன்' இந்த வசதிகளில் எதையும் தருவதில்லை. தனி வாசிப்புக்கு அதில் இடம் கிடையாது. வெளியே வந்து முணுமுணுக்க ஒரு மெட்டும் கிடைக்காது. இடைவெளி இல்லாமல் 42 நிமிடம், ஒரே வீச்சு. 2013 ஜூனில் சியாட்டில் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, லுடோவிக் மோர்லோவின் தலைமையில் இதை முதன்முதலாக அரங்கேற்றியது. 2014 ஏப்ரலில் இசைக்கான புலிட்சர் பரிசும், 2015இல் சிறந்த சமகாலச் செவ்வியல் படைப்புக்கான கிராமியும் இதைத் தேடி வந்தன. புலிட்சரின் இறுதிச் சுற்றில் ஜான் லூதர் ஆடம்ஸ் முந்தியவர்களில் ஒருவர், இவரைவிடப் பெரும்புகழ் பெற்ற இன்னொரு ஜான் ஆடம்ஸ்.

கடல், பனி உருகுதல், பருவநிலை மாற்றம் என்று காலத்துக்கேற்ற பெரிய விஷயத்தைத் தொட்டதால் பரிசு கிடைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல விஷயத்தைத் தொட்டுவிட்டு மோசமாகத் தோற்ற படைப்புகள் ஏராளம். 'பிகம் ஓஷன்' வென்றதற்குக் காரணம் அதன் கணக்கு. அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு, தங்கள் கைவரிசையைக் காட்டும் ஆசையை 42 நிமிடம் ஒதுக்கி வைத்த வாசிப்பாளர்கள் இன்னொரு காரணம்.

ஆள் யார்?

1953இல் மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரில் பிறந்தவர் ஆடம்ஸ். பதின்வயதில் ராக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் இசைத்தட்டுகள் வழியாக நவீன இசையமைப்பாளர் எட்கர் வரேஸின் இசைக்கு வந்து சேர்ந்தார். கலிஃபோர்னியாவில் இசையமைப்பாளர் ஜேம்ஸ் டென்னியிடம் படித்து முடித்தபின், 1970களின் இரண்டாம் பாதியில் அலாஸ்காவுக்குப் போனார். இசை எழுதியபடியே அங்கே சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றின் நிர்வாகியாக, காடுகளையும் நதிகளையும் காக்கும் போராட்டங்களில் பல ஆண்டுகள் உழைத்தார். பிறகு முழுநேரமும் இசைக்கே என்று முடிவெடுத்தார். களத்தில் நின்று போராடியவர் இசையில் கோஷம் போடவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். வட அலாஸ்காவின் காற்று, பனி, ஒளி, நிலநடுக்கம் ஆகியவை எந்த விதிப்படி இயங்குகின்றனவோ, அந்த விதிகளை இசையின் எலும்புக்கூடாக்க முடியுமா என்று பார்த்தார். அந்த முயற்சியின் உச்சம்தான் 'பிகம் ஓஷன்'. தலைப்பு அவருடையது அல்ல. இசையமைப்பாளர் லூ ஹாரிசனின் இசையைப் புகழ்ந்து இன்னொரு இசையமைப்பாளரான ஜான் கேஜ் எழுதிய கவிதையிலிருந்து எடுத்தது.

மூன்று அணி, மூன்று உச்சம்

மேடையில் ஆர்க்கெஸ்ட்ரா மூன்று அணிகளாகப் பிரிந்து உட்காருகிறது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் போன்றவை ஓர் அணி. டிரம்பெட், ஹார்ன், டிராம்போன் முதலான பித்தளைக் கருவிகள் இரண்டாவது. வயலின் முதல் டபுள் பேஸ் வரையிலான தந்திக் கருவிகள் மூன்றாவது. ஹார்ப், பியானோ, செலஸ்டா, மரிம்பா போன்றவை இவற்றுக்கு அடியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒவ்வோர் அணிக்கும் ஒரே வேலைதான்: மெல்லத் தொடங்கி, மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, ஏறிய அதே நிதானத்தில் இறங்க வேண்டும். ஆனால் இந்த ஏற்ற இறக்கச் சுற்றின் நீளம் அணிக்கு அணி வேறு. திஸ்ரத்திலும் கண்டத்திலும் மிஸ்ரத்திலும் தனித்தனியாக ஓடும் கணக்குகள் எங்கோ ஓரிடத்தில் சமத்தில் வந்து விழும்போது நம் சபாக்களில் எழும் சிலிர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அந்தச் சந்திப்பு 42 நிமிடத்தில் மூன்றே முறைதான் நடக்கிறது: ஏறக்குறைய 7ஆவது நிமிடத்தில், 21ஆவது நிமிடத்தில், 35ஆவது நிமிடத்தில். மற்ற நேரமெல்லாம் ஓர் அணி ஏறும்போது இன்னொன்று இறங்கிக்கொண்டிருக்கும். கடலில் வெவ்வேறு நீளமுள்ள அலைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது சில இடங்களில் நீர் அடங்கும், சில இடங்களில் மலைபோல் எழும். இயற்பியல் பாடத்தில் படிக்கும் அதே அலைச் சேர்க்கைதான் இசையின் வடிவமாகியிருக்கிறது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நடுப் புள்ளியான 21ஆவது நிமிடத்தைத் தாண்டியதும் இசை வந்த வழியே திரும்பிப் போகிறது. மாலைமாற்று போல, முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றே. முதல்முறை கேட்கிறவருக்கு இது புலப்படாது. புலப்பட வேண்டும் என்று ஆடம்ஸும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கடைசி நிமிடங்களில் தாழ்ந்த ஸ்தாயியில் உருளும் அந்த முழக்கத்தை ஏற்கெனவே கேட்டிருக்கிறோமே என்ற உணர்வு மட்டும் உடலில் தங்குகிறது. ஏற்றமும் இறக்கமுமாக வந்துபோகும் நீருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வாசிப்பில் எங்கே சறுக்கும்?

காகிதத்தில் கணக்கு அழகாக இருக்கிறது. மேடையில் அதைச் சாதிப்பது கடினம். ஆபத்து முதல் ஏழு நிமிடத்திலேயே இருக்கிறது. ஒலியைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னால், எந்த வாசிப்பாளரின் கையும் இயல்பாகச் சீக்கிரமே கூட்டிவிடும். ஓர் அணி மூன்று நிமிடத்திலேயே முக்கால் பலத்தை எட்டிவிட்டால், உச்சத்தில் தருவதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. மூன்று அணிகளும் சேரும் இடம் வெறும் சத்தமாகிவிடும். மோர்லோவின் ஆர்க்கெஸ்ட்ரா இங்கேதான் தன் தரத்தைக் காட்டியது. 2014இல் கேண்டலூப் நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவில் முதல் உச்சத்துக்கு முந்தைய இரண்டு நிமிடங்களைக் கவனித்துக் கேளுங்கள். பித்தளைக் கருவிகள் கூடிக்கொண்டே வருகின்றன. ஆனால் எந்த நொடியில் கூடின என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. உச்சம் வந்து சேர்ந்த பிறகுதான் எவ்வளவு உயரத்துக்கு வந்துவிட்டோம் என்பதே தெரிகிறது.

இரண்டாவது சவால் மூச்சு. நீண்ட சுரங்களை ஊதுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் அலை அறுந்துவிடும். ஒருவர் மூச்செடுக்கும் நொடியில் பக்கத்து நாற்காலிக்காரர் சுரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். வயலின்காரர்கள் வில்லைத் திருப்பும் இடமும் காதில் தட்டக் கூடாது. தனி மனிதர்களின் உழைப்பு வெளியே தெரியாமல் போனால்தான் வெற்றி. மூன்றாவது சவால் இசை நடத்துநருடையது. வெவ்வேறு நீளத்தில் ஓடும் மூன்று அணிகளுக்கும் ஒரே கையால் எண்ணிக்கை கொடுத்துக்கொண்டே, தன் உணர்ச்சியை எந்த அணியின்மீதும் ஏற்றாமல் இருக்க வேண்டும். அங்கே கொஞ்சம் இழுப்பது, இங்கே கொஞ்சம் தள்ளுவது என்ற பழக்கம் மற்ற படைப்புகளில் அழகு; இங்கே அது கணக்கைக் கெடுக்கும். மோர்லோ கடிகாரம்போல் நின்றார். அது சலிப்பான வேலை என்று நினைப்பவர்கள் 35ஆவது நிமிடத்தைக் கேட்ட பிறகு முடிவு செய்யட்டும்.

பக்கத்தில் டெபுஸி

புலிட்சர் அறிவிப்பு வந்த சில வாரங்களில், 2014 மே மாதம், சியாட்டில் ஆர்க்கெஸ்ட்ரா நியூயார்க்கின் கார்னகி அரங்கில் இதை வாசித்தது. அதே நிகழ்ச்சியில் வரேஸின் 'டெஸெர்', டெபுஸியின் 'லா மேர்' இரண்டும் இடம்பெற்றன. துணிச்சலான தேர்வு. 1905இல் அரங்கேறிய 'லா மேர்' கடலை இசையாக்கியவற்றில் முதல் வரிசையில் நிற்பது. அதோடு ஒரே மேடையில் நின்று தாக்குப்பிடிப்பது சாதாரணமல்ல.

ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். டெபுஸியின் கடலுக்கு ஒரு பார்வையாளர் உண்டு: விடியல் வெளிச்சம், அலைகளின் விளையாட்டு, காற்றோடு கடல் நடத்தும் உரையாடல் என்று கரையில் நின்று ரசிக்கிற ஒரு மனிதக் கண். ஆடம்ஸின் கடலில் அந்த மனிதர் இல்லை. கரையும் இல்லை. உயிர்கள் கடலிலிருந்து வந்தன, பனி உருகி நீர்மட்டம் ஏறினால் மறுபடி கடலுக்குள்ளேயே போகக்கூடும் என்பதுதான் இந்தப் படைப்புக்குப் பின்னால் உள்ள எண்ணம். அதை அவர் ஒரு சொல்லாலும் மேடையில் சொல்லவில்லை. கேட்பவரின் கால் ஊன்ற இடம் தராத இசையை எழுதிவிட்டார். செய்தித்தாளில் கடல்மட்ட உயர்வு மில்லிமீட்டர் கணக்கில் வருகிறது, பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். இங்கே பக்கத்தைத் திருப்ப வழியில்லை.

விரல் அழுத்தாத வயலின், ஆளில்லாத கச்சேரி

ஆடம்ஸ் ஒரு படைப்போடு நின்றுவிட்டவர் அல்ல. 2011இல் எழுதிய 'த விண்ட் இன் ஹை பிளேசஸ்' என்ற தந்தி நால்வர் இசையில் நான்கு பேரும் எந்தத் தந்தியையும் விரல் பலகைமேல் அழுத்துவதே இல்லை. திறந்த தந்திகள், அவற்றில் இயல்பாக உறையும் கிளைச்சுரங்கள் (ஹார்மோனிக்ஸ்), அவ்வளவுதான். கிளைச்சுரத்துக்குத் தந்தியின் சரியான புள்ளியில் விரல் லேசாகப் பட்டால் போதும். ஒரு மயிரிழை தள்ளினாலும் சுரம் ஊமையாகிவிடும். காற்று தானே மீட்டும் யாழின் ஒலி அதில் வருகிறது.

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் வடதுருவப் பகுதியின் இயற்கையையும் மக்களையும் பற்றிய அருங்காட்சியகம் ஒன்று பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அங்கே 2006 முதல் ஒரு சிறிய அறையில் ஒலிக்கும் 'த ப்ளேஸ் வேர் யூ கோ டு லிசன்' படைப்புக்கு வாசிப்பாளரே கிடையாது. சூரியன், சந்திரன் இருக்கும் நிலை, நிலநடுக்கமானிகளின் பதிவுகள், புவிக்காந்தப் புலத்தின் மாற்றங்கள் எல்லாம் கணினி வழியாக அப்போதைக்கப்போது ஒலியாகவும் நிறமாகவும் மாறுகின்றன. எங்கோ பூமி அதிர்ந்தால் தாழ்ந்த முரசொலி கேட்கும். வடதுருவ ஒளி வானில் எழுந்தால் மணிகள் சிலிர்க்கும்.

2009இல் கனடாவின் பேன்ஃப் நகரில் முதன்முதலாக அரங்கேறிய 'இனுக்‌ஷுயிட்' 9 முதல் 99 தாளவாத்தியக்காரர்கள் வெட்டவெளியில் சிதறி நின்று, நடத்துநர் இல்லாமல் வாசிப்பது. அங்கே ரசிகர் நடந்துகொண்டே கேட்கிறார். யார் எங்கே நிற்கிறாரோ அதைப் பொறுத்து அவருக்கான கச்சேரி மாறுகிறது.

இந்த மூன்றிலும் ஒரே கொள்கை தெரிகிறது. தந்தி, நிலம், வெளி ஆகியவை தாமாக என்ன செய்யுமோ அதைச் செய்ய விடுகிறார். படைப்பாளியின் பங்கு, எல்லைகளை வகுத்துவிட்டு விலகி நிற்பது. அந்த விலகலை எல்லாராலும் சகித்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கதையும் திருப்பமும் எதிர்பார்த்து வருபவருக்கு 'பிகம் ஓஷன்' 15ஆவது நிமிடத்தில் சோதனையாகத்தான் இருக்கும். அரங்கின் அகலமும் ஆழமும் இதற்கு உயிர்நாடி என்பதால், கைபேசி ஸ்பீக்கரில் கேட்டால் தாழ்ந்த ஸ்தாயி முழுக்கக் காணாமல் போய்விடும். 2018இல் வந்த 'பிகம் டெசர்ட்' ஐந்து அணிகளை அரங்கெங்கும் பிரித்து நிறுத்துவது. வீட்டில் கேட்கும்போது அதன் இழப்பு இன்னும் அதிகம். நல்ல ஹெட்ஃபோன் குறைந்தபட்சத் தேவை.

தீர்ப்பு

2015இல் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் இந்த ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுச் சியாட்டில் சிம்பொனிக்கு 50,000 டாலர் நன்கொடை கொடுத்தார். செவ்வியல் வட்டத்துக்கு வெளியே இருப்பவரையும் எட்டும் வலு இதற்கு உண்டு என்பதற்கு அது சான்று. இயற்கையைப் பற்றி எழுத வரும் இளம் இசையமைப்பாளர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பறவைக் குரலின் ஒலிப்பதிவையோ மழைச் சத்தத்தையோ அல்ல. இயற்கை எப்படி இயங்குகிறது என்று உட்கார்ந்து படித்து, அந்த இயக்கத்துக்கே இசையில் வடிவம் கொடுக்கும் பொறுமையை எடுத்துக்கொள்ளட்டும். இதை மேடையேற்றப்போகும் ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு அளவுகோல் ஒன்றுதான்: 7ஆவது நிமிடத்தில் வெளிப்படும் பலத்தைவிட 35ஆவது நிமிடத்தில் ஒரு துளியும் குறையக் கூடாது. சியாட்டில் அதைச் செய்து காட்டியிருக்கிறது. இனி வாசிப்பவர்கள் அந்த உயரத்தை எட்டியாக வேண்டும்.